மறு: புற்றூக்கியா, புற்றுநோய்க்காரணியா?

ஐயா, புற்றுநோயை உண்டாக்கும் எதற்கும் பொதுப்பெயரான கார்சினோஜெனுக்கு நீங்கள் சொன்ன ‘புற்றூக்கி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்சினோஜெனுக்கே ‘ஊக்கி’யைச் செலவழித்துவிட்டால் அடுத்த பத்தியில் வரும் ப்ரொமோட்டருக்கு என்ன செய்வது? நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கட்டுரையே புற்றைத் தொடங்கிவைக்கும் இனிஷியேட்டர், தொடங்கியதை வளர்த்துவிடும் ப்ரொமோட்டர் என்ற இரண்டைப் பற்றித்தான்.

1990களின் கடைசியில் ஜப்பானில் மங்கோலிய ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு விலங்குகளுக்குக் குடிதண்ணீரில் மெத்தில்நைட்ரோசோயூரியா என்ற வேதிப்பொருளைக் கலந்து கொடுத்தார்கள், இரைப்பையில் தொற்றும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியையும் வாய்வழியாகச் செலுத்தினார்கள். இரண்டும் சேர்ந்த விலங்குகளில் இரைப்பைப் புற்று, வேதிப்பொருள் மட்டும் கொடுத்தவற்றைவிட மிக அதிகம். பின்னர் மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்துப் பார்த்தபோது புற்றும் குறைந்தது. வேதிப்பொருள், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் மெத்தில் என்ற சிறு அணுத்தொகுதியை ஒட்டி டிஎன்ஏவைப் பழுதாக்குகிறது. கிருமியோ இரைப்பைச் சுவரை மாதக்கணக்கில் அழற்சியிலேயே வைத்து, பழுதான செல்லையும் சேர்த்துப் பெருகவிடுகிறது. ஒன்று தீயைப் பற்றவைக்கிறது, இன்னொன்று ஊதிக்கொண்டே இருக்கிறது.

அதனால் இனிஷியேட்டருக்குத் தொடக்கி, ப்ரொமோட்டருக்கு வளர்ப்பி, பொதுவான கார்சினோஜெனுக்கு ஏற்கெனவே புழங்கும் புற்றுநோய்க்காரணி. நீளம்தான், பரவாயில்லை. கார்சினோஜெனுக்கு அக்கா சொன்ன ‘புற்றுவேதி’ ஒத்துவராது. 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் பிரிவுக் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியானதாக, அறிவித்துவிட்டது, கிருமியைப் போய் வேதி என்று எப்படி எழுதுவது?

கிருமி மட்டுமே ஜெர்பிலில் புற்றை உண்டாக்கியதாக 1998இல் ஓர் ஆய்வு வந்ததே, அப்புறம் எப்படி வளர்ப்பி என்று கேட்பீர்கள். வளர்ப்பி என்பது கிருமிக்கு நிரந்தரப் பட்டம் இல்லை ஐயா, முதலில் சொன்ன சோதனையில் அது பார்த்த வேலையின் பெயர், அவ்வளவுதான். உப்புக்கும் இந்தச் சொல் பொருந்தும்: பைலோரி தொற்றிய ஜெர்பில்களுக்கு உப்பு மிகுந்த தீவனம் போட்டபோது புற்று இன்னும் கூடியது. கடலூர் முதுநகரில் கருவாடு விற்கிற அம்மாவிடம் போய் ‘உப்பு ஒரு புற்றுவளர்ப்பி’ என்றால் முறைப்பார், ஆனால் புரிந்துகொள்வார். ‘உப்பு ஒரு ஊக்கி’ என்றால் சத்து டானிக் என்று நினைத்து இன்னும் கால் கிலோ சேர்த்துக் கட்டிவிடுவார்.

ஜெர்பிலுக்கு ‘வெள்ளெலி’ வேண்டாம். நம் வயல்காட்டு ஜெர்பிலுக்கு அந்தப் பெயர் சரிதான், ஆனால் ஆய்வகம் என்றதும் எல்லோரும் வெள்ளை எலியைத்தான் நினைப்பார்கள். ஜெர்பில் என்றே போகட்டும்.

வேறு சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று புதுச்சேரி அச்சகத்தில் கொடுத்துவிடுவேன்.