பி.எஸ்சி. பிசிக்ஸ்: மூணு வருஷமா, நாலு வருஷமா?

(எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஓடின பேச்சு. அக்கா, பெரியப்பா பொண்ணு, பிசிக்ஸ் படிச்சவங்க.)

அம்மா: எல்லாரும் இதைக் கொஞ்சம் பாருங்க. பாப்பாவுக்கு இங்க அரசுக் கலைக் கல்லூரியில பி.எஸ்சி. பிசிக்ஸ் கிடைச்சிருக்கு. வெளி மாநிலத்துல ஒரு தனியார் யுனிவர்சிட்டியில நாலு வருஷ ஹானர்ஸும் கிடைச்சிருக்கு. "எந்த வருஷமும் வெளியேறலாம், திரும்ப வந்து சேரலாம்"னு போட்டிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள பணம் கட்டணும். ஐசர்னு மத்திய அரசோட அறிவியல் கல்லூரி இருக்கே, அந்தப் பரீட்சையில ரேங்க் பத்தலை, அது தெரிஞ்சதுதானே.

பெரியப்பா: இன்ஜினியரிங் கவுன்சிலிங் இன்னும் முடியலையேம்மா. மார்க் நல்லாத்தானே இருக்கு. பிசிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலையை விட்டா வேற என்ன?

நான்: பெரியப்பா, எனக்குப் பிசிக்ஸ்தான் வேணும்.

அக்கா: அப்பா, அவ முதல்ல பி.எஸ்சி. சேரட்டும். நாளைக்கு மனசு மாறினா, +2வுல கணக்கு படிச்ச பி.எஸ்சி.காரங்க பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். லேட்டரல் என்ட்ரின்னு அதுக்குத் தனி கவுன்சிலிங்கே நடக்குது. அதனால இன்ஜினியரிங் கதவு மூடலை.

பெரியப்பா: டிப்ளமோ பசங்களுக்குத்தான் அதுன்னு நினைச்சேன்.

அக்கா: பி.எஸ்சி.க்கும் உண்டுப்பா.

அத்தை: ஐசர் போனதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அழுதாளாம்ல.

அக்கா: அத்தை, அதைத்தான் சொல்ல வந்தேன். நல்ல இடத்துக்கு +2 முடிச்சதும் ஒரு தடவைதான் நுழைய முடியும்னு நம்ம வீட்டுல எல்லாரும் நினைக்கிறோம். பிசிக்ஸ்ல அப்படி இல்லை. பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கும்போதே பிப்ரவரியில ஜாம்னு ஒரு நுழைவுப் பரீட்சை எழுதலாம். மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதுல ரேங்க் வந்தா ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல (ஐ.ஐ.எஸ்சி.) எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கும் அந்த ரேங்க்தான். ஜெஸ்ட்னு இன்னொரு பரீட்சை இருக்கு, அது வழியா நம்ம சென்னை தரமணியில இருக்கிற கணித அறிவியல் நிறுவனத்துக்குப் போகலாம். சின்ன ஊர் கலைக் கல்லூரியில படிச்சிட்டு இப்படி வந்தவங்க நிறைய பேர். தங்கம், உனக்கு நுழைவு தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்.

நான்: அக்கா அப்போ நாலு வருஷம் படிச்சா ஜாம் எழுத முடியாதா?

அக்கா: எழுதலாம்மா. அங்கயும் மூணாவது வருஷம் முடிச்சு டிகிரியோட வெளிய வரலாம். மொத்த வருஷத்தைக் கூட்டிப் பாரு. மூணும் ரெண்டும் அஞ்சு. நாலு வருஷ ஹானர்ஸ் முடிச்சா எம்.எஸ்சி. ஒரே வருஷமா இருக்கலாம், அதுவும் அஞ்சு. என்னைக் கேட்டா எத்தனை வருஷம்ங்கிறதை விட, எந்த வருஷத்துல இடம் மாற முடியும்ங்கிறதுதான் முக்கியம். மூணு வருஷம் முடிச்சு பெரிய ஆய்வகம் இருக்கிற இடத்துக்கு மாறினா, அடுத்த ரெண்டு வருஷமும் அங்கயே கிடைக்கும்.

அப்பா: அப்ப நாலாவது வருஷத்துக்கு என்னதான் பிரயோஜனம்?

அக்கா: பிரயோஜனம் இருக்கு சித்தப்பா. முதல் ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் வாங்கினா நாலாவது வருஷம் ஆராய்ச்சி செய்யலாம். நாலு வருஷப் படிப்பை 75 சதவீதத்தோட முடிச்சவங்க எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022ல விதி போட்டுச்சு. ஆனா அந்த ஒரு வருஷம் முழுக்க வழிகாட்டி ஒருத்தர் கூட உட்காரணும், கருவி வேலை செய்யணும். அது இல்லாத இடத்துல நாலாவது வருஷம் வீண். ஐ.ஐ.எஸ்சி.யிலயும் நாலு வருஷ பி.எஸ்.தான், விருப்பப்பட்டா அஞ்சாவது வருஷம் எம்.எஸ். அங்க ஆய்வகம் இருக்கு, அதனால அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் இருக்கு.

அம்மா: ஒரு வருஷத்துல வந்தா சர்டிபிகேட், ரெண்டு வருஷத்துல வந்தா டிப்ளமோன்னு போட்டிருக்காங்களே?

அக்கா: அதை நம்பி எங்கயும் சேர்க்காதீங்க சித்தி. முதல் வருஷத்துல இயக்கவியல், பொருட்களின் பண்புகள்னு போகும். குவாண்டம், திண்மநிலை, அணுக்கருன்னு நிஜமான பிசிக்ஸ் பெரும்பாலும் மூணாவது வருஷத்துலதான் வரும். ரெண்டு வருஷத்தோட நிறுத்தினவளுக்கு கையில ஒரு பேப்பர் இருக்கும், பிசிக்ஸ் இருக்காது. ஆனா உடம்பு முடியாமலோ பணம் இல்லாமலோ நிறுத்த வேண்டி வந்த பிள்ளைக்கு அந்த விதி பெரிய ஆறுதல். படிச்ச பாடத்துக்கான மதிப்புப் புள்ளி (கிரெடிட்) கணக்குல நிக்கும், மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வரலாம், மொத்தம் ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கலாம். என் கூடப் படிச்ச ஒருத்தி அப்பா தவறினதும் ரெண்டாம் வருஷத்தோட நின்னுட்டா. அப்போ இந்த வழி இல்லை. இருந்திருந்தா அவ முடிச்சிருப்பா.

அத்தை: பாவம் அந்தப் பொண்ணு.

அத்தை: ஏன்டி, நம்ம தம்பி மெக்கானிக்கல் சேர்ந்துட்டு இப்ப நட்சத்திரம், கருந்துளைன்னு பேசிட்டிருக்கான். அவனுக்கு ஏதாவது?

அக்கா: பி.இ. முடிக்கட்டும் அத்தை. ஜெஸ்ட் வழியா பி.இ. படிச்சவங்களையும் பிசிக்ஸ் ஆராய்ச்சிக்கு எடுக்கிற நிறுவனங்கள் இருக்கு. அவனை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க, தனியாப் பேசறேன்.

பெரியப்பா: சரி, படிச்சு முடிச்சா வேலை? அதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

அக்கா: அப்பா, கேன்சர் ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு அளவு கணக்குப் போடறவங்க பிசிக்ஸ் படிச்சவங்கதான். அதுக்கு மெடிக்கல் பிசிக்ஸ்னு எம்.எஸ்சி. இருக்கு. டேட்டா வேலை, வானிலை, அணுசக்தித் துறை எல்லாத்துலயும் எடுக்கிறாங்க. வாத்தியார் வேலையும் நல்ல வேலைதான். எனக்கு +2வுல பிசிக்ஸ் எடுத்த டீச்சர் இல்லேன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

பெரியப்பா: சரிம்மா. அவ இஷ்டப்படியே சேரட்டும்.

நான்: 🙏🙏

அப்பா: அப்ப இங்கயே கட்டிடலாமா?

அக்கா: என் மனசு இந்தக் கல்லூரிதான் சித்தப்பா. மிச்சமாகுற பணம் எம்.எஸ்சி.க்கு ஆகும். ஆனா நாளைக்கு நேர்ல போய் ரெண்டு விஷயம் கேளுங்க. துணைப்பாடம் கணிதம் எத்தனை செமஸ்டர்? பிராக்டிகல்ல ஒரு கருவிக்கு எத்தனை பேர்? கணிதம் குறைவா இருந்தா நான் ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லித் தர்றேன். ஜாம்ல அதுதான் காலை வாரும்.

அப்பா: பத்து மணிக்குப் போறேன். சிலபஸ் கிடைச்சா போட்டோ எடுத்து இங்கயே போடறேன்.