மவுத்ஃபீல்: ‘வாய்த்தொடுகை’ என்று வைக்கலாமா?

நண்பர்களே,

கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் காய்ச்சும் பீர்) சுவைப்புக் குறிப்புக்கான தமிழ்ச் சொற்களில் நிறம், நுரை, மணம் எல்லாம் பெரிய இழுபறி இல்லாமல் முடிந்துவிட்டன. மவுத்ஃபீல், அதாவது பீர் வாய்க்குள் தரும் தொடுவுணர்வு, மட்டும் நிற்கிறது. வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன். அவசரப்பட்டு ஏதோ ஒரு சொல்லைப் போட்டு இதை மூடிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, மவுத்ஃபீலுக்கு வெறும் 5. ஆனாலும் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. 1979இல் மார்ட்டன் மெயில்கார்டும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட பீர்ச் சுவைச்சொல் தொகுப்பிலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. கசப்பும் மணமும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு பீர்கள், வாய்க்குள் போனதும் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும். அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

> ‘வாயுணர்வு’ போதுமே, படித்ததும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் எல்லை இல்லாத சொல். இனிப்பையும் கசப்பையும்கூட வாயில்தானே உணர்கிறோம்? அவையும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். சுவையையும் மணத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதே மவுத்ஃபீல்: பீரின் கனம், வாயுவின் குத்தல், ஆல்கஹாலின் கதகதப்பு, வழவழப்பு, துவர்ப்பு. இவற்றைப் பெரும்பாலும் சுவை மொட்டுகள் அறிவதில்லை. முகத்துக்கும் வாய்க்கும் தொடுவுணர்வு தரும் நரம்புதான் அறிகிறது. வாயுவின் குத்தலையே பாருங்கள். குமிழி உடைவது மட்டும் அதற்குக் காரணமல்ல. கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) எச்சிலில் கரைந்து அமிலமாகி, எரிச்சலை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. ஆகவே சொல்லில் ‘தொடு’ இருந்தாக வேண்டும்.

> அப்படியானால் ‘நாவுணர்வு’?

இதில் இடமே சுருங்கிவிடுகிறது. துவர்ப்பு கன்னத்தின் உட்புறத்தில் இழுக்கும், கதகதப்பு தொண்டையில் தெரியும். நாக்கு ஒரு பகுதிதான்.

> ‘ஊறு’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே. ‘வாயூறு’ எனலாம்.

முன்வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களைச் சொல்லும் வரிசையில் ஊறு என்றால் தொடுவுணர்வு. பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று படிப்பவருக்கு ஊறு என்றால் தீங்கு; ‘வாயூறு’ என்றாலோ எச்சில் ஊறுவதுதான் நினைவுக்கு வரும். அதே வரிசையில் உள்ள ‘நாற்றம்’ என்ற சொல்லை மணக் கட்டத்தில் வைக்க நம்மில் யாரும் ஒப்பவில்லை. அங்கே பொதுவழக்குக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு இங்கே விலக்கு அளிப்பது சரியாக இருக்காது.

எனவே என் பரிந்துரை ‘வாய்த்தொடுகை’. தொடுதிரை ஏற்கெனவே எல்லோருக்கும் பழகிவிட்டதால் ‘தொடு’ தொழில்நுட்ப நடையில் அந்நியமாக ஒலிக்காது. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “இந்த ஸ்டவுட்டின் வாய்த்தொடுகை வழவழப்பானது, நடுத்தரக் கனம், கடைசியில் லேசான துவர்ப்பு.” (ஸ்டவுட் என்பது வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுத்த பீர்.) எனக்கு எங்கும் இடறவில்லை.

அப்புறம், பாடி (body), அதாவது வாய் உணரும் கனம், என்பதற்கு ‘அடர்த்தி’ என்று சிலர் எழுதிவருகிறார்கள். இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பீர் காய்ச்சுபவர்கள் அடர்த்தியைத் தினமும் கருவி வைத்து அளக்கிறார்கள். நொதிப்பதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பார்த்துத்தான் ஆல்கஹாலைக் கணக்கிடுகிறார்கள். அளக்கும் அடர்த்தியும் வாய் உணரும் பருமனும் ஒன்றல்ல. கின்னஸ் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த நைட்ரஜன் கலந்த டிராஃப்ட் ஸ்டவுட் நல்ல சான்று. அது 4.2 சதவீத ஆல்கஹால் உள்ள, அப்படியொன்றும் அடர்த்தியில்லாத பீர். ஆனால் நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது, குமிழிகள் மிகச் சிறியவை, கரிவாயுவின் குத்தலும் குறைவு. அதனால் வாய்க்கு அது தடித்ததாகவும் வழவழப்பாகவும் தெரிகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்தப் பீரைப் பற்றி ஒரு வரிகூடத் தெளிவாக எழுத முடியாது. அளவுக்கு அடர்த்தி, வாய்க்குக் கனம். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) 65 டிகிரி செல்சியஸ் நீரில் ஊறவைத்தால் கனம் குறையும், 69இல் ஊறவைத்தால் நொதிக்காத மாவுச் சர்க்கரைகள் மிஞ்சிக் கனம் கூடும் என்று இயல்பாகச் சொல்லவும் வருகிறது.

> துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. அதைச் சுவைக் கட்டத்திலிருந்து எடுப்பது எப்படிச் சரியாகும்?

நியாயமான கேள்வி. நம் மரபு அதைச் சுவையாக எண்ணியதை நான் மறுக்கவில்லை. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பாமல் பிரித்துவைத்த மரபு நமக்குப் பெரிய வரம். ஆனால் உடலில் நடப்பது வேறு. தானிய உமியிலிருந்தும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப் பூவிலிருந்தும் வரும் டானின் வகைப் பொருட்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன, வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது, உள்தோல் இழுக்கிறது. அது தொடுவுணர்வு.

நடைமுறைக் காரணமும் உண்டு. சுவைப்பவர் குறிப்பைப் பீர் காய்ச்சியவர் படித்துத் திருத்த வேண்டும். துவர்ப்பைச் சுவைக் கட்டத்தில் கசப்புக்குப் பக்கத்தில் எழுதினால் அவர் ஹாப்பைக் குறைப்பார். குறை அங்கே இல்லாமலிருக்கலாம். தானியத்தை 77 டிகிரிக்கு மேல் சூடான நீரால் அலசியிருக்கலாம், அல்லது அலசும்போது காரத்தன்மை ஏறி உமியிலிருந்து டானின் இறங்கியிருக்கலாம். ஆகவே துவர்ப்பு என்ற சொல் அப்படியே இருக்கட்டும், கட்டத்தை மட்டும் மாற்றுவோம்.

கடைசியாக ஒன்று. ஆல்கஹால் தொண்டையில் தரும் சூட்டுக்குக் ‘காந்தல்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை இங்கே செலவழிக்க வேண்டாம். கருக வறுத்த மால்ட் தரும் தீய்ந்த வாசனைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது, மணக் கட்டத்துக்கு அது கட்டாயம் தேவைப்படும். தொண்டைச் சூடு இதமாக இருந்தால் கதகதப்பு, அளவு மீறினால் எரிவு என்று வைத்துக்கொள்வோம். ‘வாய்த்தொடுகை’க்கு மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு அதை ஒரு முழு வாக்கியத்திலும் எழுதிக் காட்டுங்கள்.