மஞ்சப்பைய 7100 தடவ தூக்கணுமாமே?

வேளச்சேரி வாசி:
காலைல ஒருத்தர் வந்து "துணிப்பைய 7100 தடவ யூஸ் பண்ணாத்தான் கேரிபேக்க விட நல்லது, டென்மார்க் அரசே 2018ல ரிப்போர்ட் போட்டுருச்சு, மஞ்சப்பை எல்லாம் சும்மா ஷோ"ன்னு போட்டுட்டுப் போயிருக்காரு. படிச்சதுல இருந்து கடுப்பு அடங்கல. அதே ரிப்போர்ட்ல கார்பன மட்டும் பாத்தா 52 தடவதான். வாரம் ஒரு தடவ காய்கறி வாங்க எடுத்துட்டுப் போனா ஒரு வருஷத்துல முடிஞ்சுது. அத ஏன் சார் சொல்லல?

கணக்கு வாத்தி:
போட்டது நான்தான். எல்லா பாதிப்பையும் சேத்துப் பாத்தா 7100. ஆர்கானிக் பருத்தின்னா 20,000. சாதா பருத்தி 7100க்கே வாரம் ஒரு தடவன்னா 136 வருஷம், பைய உயில்ல எழுதி வச்சுட்டுப் போங்க.

வேளச்சேரி வாசி:
"சேத்து" இல்ல வாத்தியாரே. ஒவ்வொரு பாதிப்பையும் தனித்தனியா பாத்து எதுல நம்பர் பெருசோ அதப் போட்டிருக்காங்க, அந்த 7100 ஓசோன் படலத்துக்கு வர்ற பாதிப்புக்கு வந்தது. அப்புறம் தெருவுல வீசற குப்பைய அவங்க கணக்குலயே எடுக்கல, அவங்க ஊர்ல பைய எரிச்சு கரண்ட் எடுக்கறாங்க. இங்க பெருங்குடி குப்பைமேடு பள்ளிக்கரணை சதுப்புநிலத்து மேலயே உக்காந்திருக்கு, மழை பேஞ்சா எங்க தெரு கால்வாய்ல அடைச்சு நிக்கறது துணியா, கவரா? வந்து கைய விட்டுப் பாருங்க.

ஈரோட்டுக்காரி:
என் பை எங்கப்பா கட்டிக் கிழிஞ்ச வேட்டில தைச்சது. புதுசா பஞ்சே வாங்கலயே, அதுக்கு எத்தன தடவைங்க சார்?

கணக்கு வாத்தி:
ரிப்போர்ட்ல வேட்டி இல்லீங்க, 7100தான் இருக்கு.

வேளச்சேரி வாசி:
52ம் இருக்கு.

மாடிவீட்டு மாமா:
எங்க வீட்ல கல்யாணத்துல குடுத்த தாம்பூலப் பை மட்டும் 43 கிடக்கு. எவன் கல்யாணப் பேரோ போட்டிருக்கு, அதத் தூக்கிட்டு எவன் கடைக்குப் போவான்? அதுலயும் பாதி துணியே கிடையாது, தீ காட்டுனா உருகுது. 2019 ஜனவரி 1ல வந்த தடைல அந்த நான்-ஓவன் (நெய்யாத பிளாஸ்டிக்) பையும் உண்டு, ஆனா மண்டபத்து வாசல்ல இன்னும் அதான் குடுக்கறாங்க.

வேளச்சேரி வாசி:
மாமா நீங்க பேசாதீங்க. போன மாசம் தூக்குவாளி எடுத்துட்டுப் போய் ஓட்டல்ல சாம்பார் வாங்கறேன்னு நான் போட்டப்ப "பிச்சைக்காரன் மாதிரி"ன்னு எழுதுனது நீங்கதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கொதிக்கிற சாம்பார பிளாஸ்டிக் கவர்ல கட்டிட்டு வந்து புள்ளைங்களுக்கு ஊத்தறது கௌரவமாக்கும்.

மாடிவீட்டு மாமா:
நான் சொன்னது நசுங்குன தூக்கு பத்தி. எவர்சில்வர் வாங்கக் கூடாதா?

ஈரோட்டுக்காரி:
தூக்கு நசுங்குனா சாம்பார் கசக்குமா மாமா? கழுவறது யாருன்னு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்ல மீன் வாங்குன பைய துவைக்கறது நான்தான், ஆனா "நாங்க பிளாஸ்டிக்க விட்டுட்டோம்"னு ஊரெல்லாம் பெருமை பேசறது என் வீட்டுக்காரர்.

கணக்கு வாத்தி:
பாத்தீங்களா, துவைக்கற தண்ணி, சோப்பு. அதையும் சேத்தா 7100 பத்தாது.

வேளச்சேரி வாசி:
மறுபடியும் 7100! மீனுக்கு சம்படம் எடுத்துட்டுப் போனா பை நாறுமா? என் பைக்கு ஆறு வயசு, கைப்பிடிய ரெண்டு தடவ மாத்தித் தைச்சாச்சு, வாரம் ரெண்டு நாள் எடுத்துட்டுப் போறேன், 52அ எப்பவோ தாண்டிருச்சு. உங்க வீட்டு கேரிபேக் எத்தன நாள் வாழ்ந்துச்சுன்னு சொல்லுங்க வாத்தியாரே, கடைல இருந்து வீடு வரைக்குமா?

கணக்கு வாத்தி:
அதுல குப்பை கட்டிப் போடறேன். ரெண்டு தடவ ஆச்சு.

ஈரோட்டுக்காரி:
ஈரக்குப்பைய கவர்ல கட்டிப் போட்டா மக்குமா சார்? எங்க தெருவுல மாடு அத கவரோட சேத்து முழுங்குது.

மாடிவீட்டு மாமா:
மாட்ட ரோட்ல விட்டது யாரு?

வேளச்சேரி வாசி:
மாமா, மாட்டுக்கு வேற த்ரெட் போடுங்க. வாத்தியாரே, 52அ ஏன் விட்டீங்கன்னு காலைல கேட்டேன், இன்னும் பதில் வரல.

கணக்கு வாத்தி:
7100.