பெகு (பர்மா) வீட்டுக் குடும்ப அரட்டைக் குழு: தாத்தாவின் உளிக்கு ஒரு கொட்டாப்புளி

[சனி, காலை 7.40] நான்: பெரியப்பா, வணக்கம். ஒரு வருத்தமான செய்தி. தாத்தாவின் அகல உளி இருக்கிறதே, அதன் பிடி நேற்று பிளந்துவிட்டது. ஜன்னல் சட்டத்தில் காடி (பொருத்துக்குழி) எடுக்க இரும்புச் சுத்தியலால் அடித்தேன். மேலிருந்து பாதி வரை விரிசல். படம் அனுப்பியிருக்கிறேன்.

[சனி, காலை 7.52] பெரியப்பா (பெகு): பார்த்தேன் அம்மா. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். பிடியை நான் மாற்றித் தருகிறேன். ஆனால் இனிமேல் சுத்தியலால் அடிக்காதே. அதன் முகம் சின்னது, கெட்டியானது. அடி முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும், மரப்பிடி தாங்காது. உனக்கு வேண்டியது கொட்டாப்புளி.

[சனி, காலை 7.55] தம்பி (ரங்கூன்): கொட்டாப்புளி என்றால் என்ன?

[சனி, காலை 8.03] அத்தை (சென்னை): மரத்தால் செய்த சுத்தியல் கண்ணு. எங்கள் அப்பா கையில் எப்போதும் அதுதான் இருக்கும். 1964-இல் பெரியம்மா குடும்பத்தோடு என்னைக் கப்பலில் மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. பெகு வீட்டை நினைத்தால் முதலில் அந்தச் சத்தம்தான் காதில் வரும்.

[சனி, காலை 8.10] தம்பி: இங்கே கடையில் ரப்பர் சுத்தியல் இருக்கிறது அக்கா. வாங்கி அனுப்பட்டுமா?

[சனி, காலை 8.21] பெரியப்பா: ரப்பர் துள்ளும் தம்பி. அடியில் பாதியை அதுவே விழுங்கிவிடும். டைல்ஸ் பதிக்க நல்லது, உளிக்கு ஆகாது. கொட்டாப்புளியைத் தச்சர்கள் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. அவரவர் கைக்கு ஏற்ற கனத்தில் அவரவரே செய்துகொள்வார்கள். ரங்கூனுக்குப் பக்கத்துத் தன்லின் வீட்டின் அடியில் உன் அப்பா போட்டு வைத்த கட்டை இன்னும் இருக்கிறதா அம்மா?

[சனி, காலை 8.30] நான்: நர்கிஸ் புயலில் விழுந்த படாவுக் மரம்தானே? இருக்கிறது. இரண்டு துண்டு.

[சனி, காலை 8.34] பெரியப்பா: அதுதான். 2008 மே மாதம் தெருவோரம் விழுந்து கிடந்ததை உன் அப்பா அறுத்துக் கொண்டுவந்தார். இத்தனை வருடம் நிழலில் காய்ந்திருக்கிறது. இதைவிட நல்ல கட்டை உனக்குக் கிடைக்காது.

[சனி, காலை 8.41] தம்பி: உலகமே பர்மா தேக்கு என்கிறது. தேக்கில் செய்தால் என்ன பெரியப்பா?

[சனி, காலை 9.15] பெரியப்பா: நல்ல கேள்வி. தேக்கு நிற்கிற மரம். கதவு, கப்பல், தூண் எல்லாவற்றுக்கும் அது ராஜா. ஆனால் அடிக்கிற மரம் இல்லை. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ, படாவுக் சுமார் 850 கிலோ. அதே அளவுக் கட்டையில் உனக்குக் கனம் கூடுதலாகக் கிடைக்கும். தேக்கு நேராகப் பிளந்துகொள்ளவும் செய்யும். படாவுக்கில் நார் பின்னிக் கிடப்பதால் அவ்வளவு சுலபமாகப் பிளக்காது. இன்னும் கனமாக வேண்டும் என்றால் பியிங்கடோ இருக்கிறது, நம் ஊரில் இருள் மரம் என்பார்கள். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டை அது. முதல் முறை செய்கிறவளை அதோடு போராட விட எனக்கு மனமில்லை.

[சனி, காலை 9.20] அத்தை: இங்கே ஆசாரிமார்கள் புளியங்கட்டையில் செய்வார்கள் அண்ணா.

[சனி, காலை 9.24] பெரியப்பா: அதுவும் அருமையான மரம். மாண்டலே பக்கம் புளிய மரம் நிறைய உண்டு. ஆனால் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

[ஞாயிறு, காலை 10.05] நான்: கட்டையை வெளியே எடுத்தேன். ஓரத்து வெள்ளை முழுவதும் பூச்சி தின்று பொடியாக இருக்கிறது. முனைகளில் வெடிப்பு வேறு.

[ஞாயிறு, காலை 10.20] பெரியப்பா: பயப்படாதே. பூச்சி வெள்ளையோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற கெட்டியான வைரத்தைத் தொடாது. வெடிப்பு முடிகிற இடம் வரை முனையை அறுத்துத் தள்ளு. நடுக்குருத்து இருக்கிற பகுதியையும் விட்டுவிடு, அது பின்னால் வெடிக்கும். தலைக்கு நீளம் 15 செ.மீ., உயரம் 9, தடிமன் 6.5. நார் நீளவாக்கில் ஓட வேண்டும். அடிக்கிற இரண்டு முகமும் நாரின் வெட்டுமுனையாக இருந்தால்தான் அடி தாங்கும். இதை மாற்றி எடுத்துவிட்டால் மற்ற வேலை அத்தனையும் வீண். மூக்கைத் துணியால் கட்டிக்கொள், படாவுக் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் அரிக்கும்.

[ஞாயிறு, மாலை 4.48] நான்: அறுத்து இழைத்துவிட்டேன். கரண்ட் இல்லை, எல்லாம் கைவேலைதான். இழைப்புளியில் சுருள் சுருளாகச் செந்நிறம். வீடு முழுக்க நல்ல வாசம். தராசில் 740 கிராம் காட்டுகிறது.

[ஞாயிறு, மாலை 4.55] அத்தை: பர்மியப் புத்தாண்டான திங்யான் சமயத்தில், முதல் மழை விழுந்ததும் படாவுக் மரம் மஞ்சளாகப் பூக்கும். அம்மா எங்கள் தலையில் வைத்துவிடுவார். இன்னும் மறக்கவில்லை.

[ஞாயிறு, மாலை 5.30] பெரியப்பா: கனம் சரியாக இருக்கிறது, துளை போட்டதும் கொஞ்சம் குறையும். இப்போது கவனமாகக் கேள், இதுதான் உயிரான இடம். பிடிக்கான துளை மேலேயும் கீழேயும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. அகலம் எங்கும் 2.5 செ.மீ. நீளம் மேலே 4.2, கீழே 3.6. பிடியின் மேல்முனையும் அதே மாதிரி அகன்றிருக்கும். அதை மேலிருந்து இறக்குவாய். ஓங்கும்போது தலை வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும், ஓட ஓட அகன்ற பக்கத்தில் இறுகும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். அடிக்க அடிக்க இறுகுகிற பூட்டு இது.

[ஞாயிறு, மாலை 5.41] நான்: துளையை உளியால்தானே எடுக்க வேண்டும்? அதற்கே கொட்டாப்புளி வேண்டுமே பெரியப்பா!

[ஞாயிறு, மாலை 5.50] பெரியப்பா: விறகில் உருண்டையான ஒரு கட்டையைப் பார்த்து எடு. ஒரு முனையைக் கத்தியால் சீவி, கைக்கு அடங்குகிற மாதிரி செய். ஒரு நாளைக்கு அது போதும். உன் இரண்டாவது உளியின் பிடியில் பூண் இருக்கிறது, அதை எடுத்துக்கொள். முதலில் கைத்துளைப்பானால் நாலைந்து துளை போட்டு நடுவைக் காலி செய். அப்புறம் மேலிருந்து பாதி, திருப்பிப் போட்டுக் கீழிருந்து பாதி. ஒரே பக்கத்திலிருந்து இறங்கினால் அடிப்பக்கம் பிய்ந்துகொண்டு வரும்.

[செவ்வாய், இரவு 8.12] நான்: இரண்டு சாயங்காலம் ஆயிற்று. துளை முடிந்தது. ஆனால் கீழ்வாய் 3.6-க்குப் பதில் 3.9 ஆகிவிட்டது. ஒரு பக்கம் உளி வழுக்கிவிட்டது. கட்டை போய்விட்டதா?

[செவ்வாய், இரவு 8.20] பெரியப்பா: ஒன்றும் போகவில்லை. அதனால்தான் துளையை முதலில் எடுத்துவிட்டுப் பிடியைப் பிறகு செய்யச் சொல்வது. துளை எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பிடியைச் சீவு. மேலே அகலம், கீழே குறைவு, அந்தச் சரிவு மட்டும் இருந்தால் போதும். பிடிக்கும் அதே கட்டையில் நார் நேராக ஓடும் துண்டாகப் பார்த்து எடு. தலைக்கு மேலே ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், கீழே பிடிக்கிற பகுதி 25 செ.மீ. வரை வைத்துக்கொள். இறக்கிப் பார்க்கும் முன் துளையின் உள்சுவரில் அடுப்புக்கரியைப் பூசு. பிடியில் எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் ஒரு சீவு சீவு, மறுபடி இறக்கிப் பார். பத்துப் பதினைந்து முறை ஆகும். அவசரப்படாதே.

[புதன், இரவு 9.02] நான்: பதினெட்டு முறை. இப்போது சுற்றிலும் ஒட்டுகிறது. விரல் நகம்கூட நுழையவில்லை!

[புதன், இரவு 9.04] தம்பி: அக்கா, பிரமாதம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உண்மையிலேயே இடைவெளி தெரியவில்லை.

[புதன், இரவு 9.18] பெரியப்பா: கண் நிறைகிறது அம்மா. இன்னும் முகம் வெட்ட வேண்டும். இரண்டு முகமும் செங்குத்தாக இருக்கக் கூடாது. உன் கை முழங்கையை மையமாக வைத்துச் சுழல்கிறது, அதனால் முகமும் முழங்கையை நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் உளியின் தலையில் தட்டையாக விழும். மேலே 15 செ.மீ. அப்படியே இருக்கட்டும். கீழே இரண்டு பக்கமும் முக்கால் செ.மீ. குறைத்து 13.5 ஆக்கு. அப்புறம் எல்லா விளிம்பையும் 3 மி.மீ. அளவுக்குச் சாய்த்துச் சீவிவிடு. கூர்மையாக விட்டால் முதல் நாளே சில்லு தெறிக்கும்.

[வியாழன், மாலை 6.35] நான்: முகம் வெட்டி விளிம்பும் சீவியாயிற்று. ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசியிருக்கிறேன். பிடிக்கு வார்னிஷ் வேண்டாம்தானே?

[வியாழன், மாலை 6.44] பெரியப்பா: வேண்டாம், கை கொப்புளிக்கும். எண்ணெய் துடைத்த துணியை என்ன செய்தாய்?

[வியாழன், மாலை 6.45] நான்: சுருட்டி மூலையில் போட்டேன்.

[வியாழன், மாலை 6.45] பெரியப்பா: உடனே எடு. தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துப் போடு. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். எடுத்துவிட்டு எனக்குச் சொல்.

[வியாழன், மாலை 6.51] நான்: எடுத்துவிட்டேன். நனைத்து விரித்துவிட்டேன் பெரியப்பா. இது எனக்குத் தெரியாது. நன்றி.

[வியாழன், மாலை 6.58] பெரியப்பா: சரி. இன்னும் ஒன்று. கோடையில் மரம் சுருங்கி, சும்மா வைத்திருக்கும்போது தலை தளரும். கவிழ்த்துப் பிடித்து, மேலே நீட்டியிருக்கிற பிடிமுனையைத் தரைக்கட்டையில் இரண்டு தட்டு தட்டு. இறுகிவிடும்.

[சனி, காலை 9.30] நான்: ஜன்னல் சட்டத்தில் காடி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். அத்தை, பெகு வீட்டை நினைத்தால் அந்தச் சத்தம்தான் காதில் வரும் என்றீர்களே, ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

[சனி, காலை 10.15] அத்தை: நாலு முறை கேட்டுவிட்டேன் கண்ணு. சத்தம் அப்பாவுடையதுதான், தாளம் வேறு. அவர் இரண்டு அடி அடிப்பார், ஒரு நொடி நிற்பார், மறுபடி இரண்டு அடி. நீ நிற்காமல் அடிக்கிறாய்.

[சனி, காலை 10.22] பெரியப்பா: சரியாகச் சொன்னாய் தங்கச்சி! அந்த ஒரு நொடியில் உளியை லேசாக அசைத்துச் சில்லை வெளியே தள்ளுவார். தள்ளாவிட்டால் உளி உள்ளே சிக்கிக்கொள்ளும், அடுத்த அடி வீணாகும். நான் உனக்குச் சொல்ல மறந்தது அதுதான் அம்மா.

[சனி, காலை 10.26] நான்: இரண்டு அடி, அப்புறம் ஒரு அசைவு. சரி அத்தை, அடுத்த காடியை அப்படி எடுத்துவிட்டு மறுபடி பதிவு செய்து அனுப்புகிறேன்.