புதுப்பிப்பு: புது பேட்டரி போட்டும் ஸ்டார்ட் ஆகாத கார் சரியாகிவிட்டது

புது பேட்டரி மாட்டியும் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) ஒரு கம்பியை பேட்டரி முனையிலும் மற்றதை அதன் கிளாம்பிலும் (முனையைக் கவ்வும் கேபிள் வளையம்) வைத்து, சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. ஆனால் நெகட்டிவ் முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, 0.2 தாண்டவே கூடாது. கழற்றினால், கிளாம்பின் உள்வளையம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெளியிலிருந்து துளிகூடத் தெரியாது. சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்தேன். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். உடனே ஸ்டார்ட்!

எதிர்பாராத ஒன்று: பேட்டரி இணைப்பைக் கழற்றியதால் டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி ஒரே இழுப்பில் மேலே ஏறவில்லை. முழுக்க இறக்கி ஏற்றி, அப்புறம் சுவிட்சைச் சில விநாடி பிடித்திருந்ததும் சரியானது.