ஆளுநர் வேட்பாளர்களின் விவாதத்தை நம்பி வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா? (நியூ ஜெர்சி, அக்டோபர் 2025)

எடிசனில் புதியவள் (வெள்ளி காலை):
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஜூனில் 140 டாலராக இருந்த மின்கட்டணம் செப்டம்பரில் 286 டாலராகிவிட்டது. புதன்கிழமை இரவு நியூ பிரன்சுவிக்கில் நடந்த ஆளுநர் வேட்பாளர்களின் இரண்டாவது விவாதத்தை இதற்காகவே முழுவதும் பார்த்தேன். மிக்கி ஷெரில், பதவியேற்ற முதல் நாளே அவசரநிலை அறிவித்து மின்கட்டண உயர்வை நிறுத்திவைப்பேன் என்கிறார். ஜாக் சியட்டரெல்லியோ, மின்நிலையங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு விலை வைக்கும் ஆர்.ஜி.ஜி.ஐ. என்ற பல மாநிலத் திட்டத்திலிருந்து விலகினால் கட்டணம் குறையும் என்கிறார். எங்களுடைய ஆறு மாத வாடகை ஒப்பந்தம் இம்மாதத்துடன் முடிகிறது. நாங்கள் பார்த்திருக்கும் வீட்டுக்கு வாடகை 200 டாலர் குறைவு, ஆனால் குளிர்காலத்தில் அதை மின்சாரத்தால்தான் சூடாக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டும் என்கிறார் உரிமையாளர். தேர்தலோ நவம்பர் 4 அன்றுதான். யார் வென்றால் கட்டணம் குறையும்? கணவர் பணி நிமித்தம் வெளியூரில் இருக்கிறார், எனக்குத் தூக்கமே வரவில்லை. நேற்று மாலை வாசலுக்கு வந்த தேர்தல் தொண்டர் ஒருவரிடமும் இதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிரிட்ஜ்வாட்டர் பழையவர்:
சகோதரி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று. வாடகை வீட்டில் எத்தனை காலம் இருக்கப் போகிறோம் என்பதே கேள்வி. நான் 2009 ஜனவரியில் வந்து இறங்கியபோது நால்வர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். சூடேற்றி பழுதாகி ஒன்பது நாள்கள் கம்பளிச் சட்டையோடும் தொப்பியோடும் உறங்கினோம்; சமையலறை அடுப்பை எரியவிட்டு அதன் முன்னே கைகளை நீட்டிக்கொண்டு நின்ற மூடத்தனத்தை இப்போது நினைத்தாலும் நடுக்கமாக இருக்கிறது, தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் சொந்த வீடு என்று முடிவெடுத்தேன். விவாதத்தில் என் காதில் விழுந்தது சொத்துவரி மட்டுமே. இம்மாநிலத்தில் அதன் சராசரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. வீட்டு மதிப்பின் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் சொத்துவரி போகாதபடி வரம்பு வைப்பேன் என்கிறார் சியட்டரெல்லி. அது நடந்தால் வீடு வாங்க இதுவே தருணம்.

ஜெர்சி சிட்டி வாசகி:
ஐயா, ஐந்து மாதம் முன்பு வந்தவரை வீடு வாங்கச் சொல்வது நியாயமா? சொத்துவரியை விதிப்பவர் ஆளுநர் அல்லர். நகராட்சி, கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பள்ளி மாவட்டம் ஆகிய மூன்றும் தத்தம் பங்கைச் சேர்த்து விதிக்கின்றன. வரி வசூல் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்று 2010இல் கிறிஸ் கிறிஸ்டி ஆளுநராக இருந்த காலத்தில் இயற்றிய சட்டம் விதிவிலக்குகளுடன் இன்றும் இருக்கிறது. அதன் பிறகும் சராசரி எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிய வரம்பு வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளும் இசைய வேண்டும், பள்ளிகளுக்கு அதனால் குறையும் பணத்தை வேறெங்கோ தேட வேண்டும். நான் வந்த முதல் ஆண்டு இதைவிடக் கடினமாக இருந்தது, ஆனாலும் வாடகையில் இருந்ததால்தான் வேலை போனதும் ஊர் மாற முடிந்தது.

பிளெயின்ஸ்பரோ மின்பொறியாளர்:
கேட்ட கேள்விக்கு வருகிறேன். நமக்கு மின்சாரம் வரும் கட்டமைப்பை நிர்வகிப்பது பி.ஜே.எம். என்ற அமைப்பு, 13 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அதில் அடக்கம். மின்தேவை உச்சத்தைத் தொடும் நாளிலும் மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்காக மின்நிலையங்களுக்குக் கொடுக்கும் தொகையை அது ஏலத்தில் முடிவுசெய்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 29 டாலராக இருந்த அந்த விலை, 2024 ஜூலையில் நடந்த ஏலத்தில் சுமார் 270 டாலராயிற்று. கணினித் தரவு மையங்களால் தேவை கூடுகிறது, பழைய மின்நிலையங்கள் மூடப்படுகின்றன, புதியவை கட்டமைப்பில் இணைய ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. அதன் சுமைதான் 2025 ஜூன் 1 முதல் ஏறக்குறைய 20 விழுக்காடு உயர்வாக நம் வீடுகளுக்கு வந்தது. இந்த ஜூலையில் நடந்த ஏலத்தில் விலை சுமார் 329 டாலர். அது 2026 ஜூன் முதல் 2027 மே வரைக்கானது. ஆகவே, புதிய ஆளுநர் 2026 ஜனவரி 20 அன்று பதவியேற்கும்போது, உங்கள் ஒப்பந்தக் காலத்துக்கான அந்த விலைகள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

ஆளுநரிடம் அதிகாரமே இல்லை என்று சொல்லவரவில்லை. கட்டணத்துக்கு ஒப்புதல் தரும் பொதுப் பயன்பாட்டு வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களை, மாநில செனட்டின் இசைவுடன் நியமிப்பவர் அவர்தான். தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசம் என்பது கட்டணத்தை அழிப்பதன்று, அரசு மானியமாக வேறு பையிலிருந்து கொடுப்பது. ஷெரில் சொல்லும் நிறுத்திவைப்புக்கும் அப்படியொரு பை வேண்டும். சியட்டரெல்லி சொல்லும் விலகலும் புதிதன்று: கிறிஸ்டி காலத்தில் விலகிய மாநிலம், ஃபில் மர்ஃபி ஆளுநராக இருந்தபோது 2020இல் மீண்டும் சேர்ந்தது. விலகினால் அந்தச் செலவு ஓரளவு குறையலாம். ஏல விலை குறையாது.

பார்சிப்பனி நண்பர்:
விவாதத்தின் பெரும்பகுதி ஒருவர்மீது ஒருவர் வீசிய தனிப்பட்ட குற்றச்சாட்டுகளிலேயே போயிற்று; கொள்கை பேசிய நேரத்தைக் கைக்கடிகாரத்தில் அளந்திருக்கலாம். வந்த புதிதில் ஆளுநர் என்றால் நம்மூர் ராஜ்பவனில் இருப்பவரைப் போல நியமனப் பதவி என்றே நினைத்திருந்தேன். இங்கே அவர்தான் முதலமைச்சருக்கு நிகர் என்று புரியவே ஓராண்டு ஆயிற்று. பதினான்கு ஆண்டுகளாக வரி கட்டுகிறேன், கிரீன் கார்டு வரிசை நகரவில்லை, வாக்கும் இல்லை. குறைந்தபட்சம் பிடித்த வேட்பாளருக்கு ஐம்பது டாலர் நன்கொடையாவது கொடுங்கள் என்பேன்.

ஜெர்சி சிட்டி வாசகி:
கொடுக்கவே கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் மாநிலத் தேர்தலுக்கும் நன்கொடை தருவதை ஒன்றிய அரசின் சட்டம் தடைசெய்கிறது. ஊதியமில்லாமல் தொண்டு செய்யலாம், அவ்வளவுதான்.

பிரிட்ஜ்வாட்டர் பழையவர்:
2009இல் இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. சுங்கச்சாவடிக் கட்டணத்தைப் பற்றி இரண்டு வேட்பாளர்களையும் யாராவது கேட்டார்களா?

ஐசெலின் அக்கா:
கொஞ்சம் பொறுங்கள். தங்கை தன் கேள்வியின் கடைசி வரியில் எழுதியிருப்பதை இங்கே ஒருவரும் படிக்கவில்லையா? அம்மா, அந்தத் தொண்டர் கையெழுத்து வாங்கியது என்ன படிவம்? நீங்கள் என்ன விசாவில் இருக்கிறீர்கள்?

எடிசனில் புதியவள்:
எச்4 விசா, அக்கா, கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது. படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் கேட்டிருந்தார்கள். முதல் வரியில் குடியுரிமை பற்றிய கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் விட்டேன். விவாதத்தில் பேசிய திட்டங்களுக்கு ஆதரவுக் கையெழுத்து என்று எண்ணிக்கொண்டேன்.

ஐசெலின் அக்கா:
அது வாக்காளர் பதிவுப் படிவம். குடிமக்கள் அல்லாதார் நிரப்பவே கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். பதற வேண்டாம், ஆனால் இன்றே கிளம்புங்கள். பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 14, செவ்வாய். தொண்டர்கள் படிவங்களை அதற்குள் ஒப்படைத்துவிடுவார்கள். இடையே சனி, ஞாயிறு. திங்கள் கொலம்பஸ் நாள் விடுமுறை. கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் சென்று, நான் குடியுரிமை பெற்றவள் அல்லள், தவறாகப் புரிந்துகொண்டு கையெழுத்திட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்று கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகல் வாங்குங்கள். அந்த நகலைப் பத்திரப்படுத்தி, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்ற கேள்வி வரும். வாக்காளர் அட்டை தப்பித்தவறித் தபாலில் வந்தாலும் வாக்களிக்காதீர்கள்.

பிளெயின்ஸ்பரோ மின்பொறியாளர்:
அக்கா சொன்னதை முதலில் முடியுங்கள். பிறகு புதிய வீட்டின் கடந்த ஜனவரி மின்கட்டணச் சீட்டை உரிமையாளரிடம் கேளுங்கள். சுவரோரம் பதித்த மின்சூடேற்றியா, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப்பா என்பதையும் கேளுங்கள், இரண்டுக்கும் செலவு வெகுவாக வேறுபடும். உங்கள் சொந்தச் சீட்டில் டாலரைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள்: ஜூனைவிடக் குளிர்சாதனம் கூடுதலாக ஓடியிருக்கும், செப்டம்பரிலும் அக்டோபரிலும் மாநிலம் தரும் 50 டாலர் தள்ளுபடி வேறு கணக்கை மறைக்கும். அடுத்த ஆண்டு உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருந்தால், மாநில அரசு வாடகைதாரர்களுக்குத் தரும் ஆங்கர் என்ற உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடிசனில் புதியவள் (வெள்ளி மாலை):
அலுவலகம் மூடுவதற்கு நாற்பது நிமிடங்கள் முன்பு போய்ச் சேர்ந்தேன். படிவம் இன்னும் அங்கு வந்து சேரவில்லை என்றார்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டு முத்திரையிட்ட நகல் தந்தார்கள். வழக்கறிஞருக்குச் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. புதிய வீட்டில் இருப்பது சுவரோர மின்சூடேற்றி. கடந்த ஜனவரிச் சீட்டு 392 டாலர், அதுவும் பழைய விலையில். இருபது விழுக்காடு கூட்டினால் 470, வாடகையில் மிச்சமாகும் 200 டாலர் அதிலேயே கரைந்துவிடும். இப்போதிருக்கும் வீட்டை ஏப்ரல் வரை நீட்டித்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். கணவர் இரவு விமானத்தில் வருகிறார். மின்கட்டணத்தைப் பற்றி மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.