அம்மா நட்ட அரளி

குழு: 9ஆம் எண் வீடு

திங்கள்

பெரியண்ணன், காலை 7.12
எல்லாருக்கும் வணக்கம். ஈப்போக்காரர்கள் சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். முகவர் நேற்றிரவு உறுதிப்படுத்தினார். கணவன், மனைவி, இரண்டு நாய்கள், ஒரு பூனை. ஓரத்து வீடு, பக்கத்தில் புல்தரை இருக்கிறது என்பதற்காகவே நம் வீட்டைக் கேட்டிருக்கிறார்கள். இவர்களை விட்டால் இந்தச் சுங்கை சிப்புட்டில் இந்த விலைக்கு வேறு ஆள் கிடைப்பது கடினம்.

முரளி, 7.15
நல்ல செய்தி அண்ணா.

அத்தான், 7.16
எல்லாரும் பசியாறிவிட்டீர்களா?

முரளி, 7.16
இனிமேல்தான் அத்தான். ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கிறேன்.

பெரியண்ணன், 7.31
விஷயத்துக்கு வருவோம். வெயில் கடுமையாக இருக்கிறது. 35 பாகையைத் தொட்டு மூன்று நாள் அப்படியே நின்றால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும், 37-ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் இரண்டாம் நிலை. 1998-இல் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 போனது உங்களுக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட வெயிலில் பகல் இரண்டு மணிக்கு ஒருவர் வந்து நம் முன்கூடத்தில் நின்றால் என்ன நினைப்பார்? முன்வாசல் சிங்க்குக் கூரை அடுப்புத் தட்டைப் போலக் காயும். அதன் அடியில் வெள்ளி நிறக் காப்புத் தாள் அடிக்க வேண்டும். மேற்குச் சுவருக்கு வெளிர் நிறச் சாயம். காற்றாடிகளைக் கழற்றித் துடைக்க வேண்டும், அழுக்கு படிந்த இறக்கை காற்றையே தள்ளாது. ஏர்கோன் புதிதாக மாட்ட வேண்டாம், வாங்குகிறவர் தமக்குப் பிடித்ததை மாட்டிக்கொள்வார். சாயத்துக்கும் கூரைக்கும் நான் பணம் அனுப்புகிறேன், பிறகு மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

முரளி, 7.33
சரி.

கலா அக்கா, 8.05
மேற்குச் சுவர் முழுக்க அம்மாவின் அரளிதான் அண்ணா. சாயம் அடிக்க ஆள் எங்கே நிற்பான்?

பெரியண்ணன், 8.07
அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன். அரளியை வெட்டிவிடலாம். நிலா சொல்கிறாள், நாய் வளர்க்கிறவர்களுக்கு அது ஆகாதாம்.

கலா அக்கா, 8.07
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி, 8.09
அக்கா?

கலா அக்கா, 8.15
ஒன்றுமில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

நிலா, 8.40
அத்தை, வணக்கம். அப்பா சொன்னதில் பாதிதான் நான் சொன்னது. அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கிறது. நாய் மென்றுவிட்டால் வாந்தி வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். பூனைக்கும் அப்படியே. வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வருகிறவர்களிடம் மறைக்கக்கூடாது என்றுதான் சொன்னேன்.

கலா அக்கா, 8.44
கருப்பன் பன்னிரண்டு வருடமாக அந்தச் செடியடியில் படுக்கிறான் அம்மா. ஒரு இலையைக்கூடக் கடித்ததில்லை.

நிலா, 8.46
கருப்பனுக்கு வயது போய்விட்டது, அதை அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களுடைய இரண்டில் ஒன்று நான்கு மாதக் குட்டியாம். குட்டி கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் அத்தை.

அத்தான், 8.50
இந்த வெயில் இப்படியே நின்றால் டுரியான் நன்றாகப் பூக்கும்.

முரளி, 8.51
போன வருடம் எனக்கு ஒரு பழம்கூட வரவில்லை அத்தான்.

அத்தான், 8.52
நீ ஊருக்கு வந்தாயா?

சின்னம்மா, 9.30
கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அரளி ஏன் அங்கே வந்தது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

முரளி, 9.31
பூசைக்கு.

பெரியண்ணன், 9.33
மாரியம்மன் கோயிலுக்குப் பூ கொடுக்க.

சின்னம்மா, 9.52
பூசைக்கு அப்புறம். முதலில் ராணிக்காக. எல்பில் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது உங்கள் அப்பா நாய் ராணியையும் கூட்டி வந்தார். கூண்டை எங்கே வைப்பது? கிழக்குப் பக்கம் நல்ல நிழல், ஆனால் அது பக்கத்து மலாய்க்கார மாக்சிக் வீட்டு வேலியை ஒட்டிய இடம். அவர்கள் தொழுகிற வீடு, நாய்த் தண்ணீர் அவர்கள் வாசலுக்கு ஓடக்கூடாது என்று உங்கள் அப்பா பிடிவாதமாக மேற்கில் வைத்தார். மேற்கிலோ இரண்டு மணிக்கு மேல் நெருப்பு. ராணி நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறாளே என்று உங்கள் அம்மா கோயிலிலிருந்து நான்கு அரளித் தண்டு ஒடித்து வந்து வரிசையாக நட்டாள். நான்தான் குழி வெட்டினேன். சீக்கிரம் வளரும், தண்ணீர் அதிகம் கேட்காது என்று அவளுக்கு யாரோ சொன்னார்கள். நஞ்சு என்று யாரும் சொல்லவில்லை.

முரளி, 9.54
இது எனக்குத் தெரியாது சின்னம்மா.

கலா அக்கா, 9.58
எனக்குத் தெரியும். அந்த நிழல் இல்லாவிட்டால் சமையலறைச் சுவரில் மாலை ஆறு மணிக்குக்கூடக் கை வைக்க முடியாது. எந்தச் சுவரில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று கிள்ளானில் இருந்தால் தெரியாது அண்ணா.

பெரியண்ணன், 10.20
மருத்துவமனைக் கட்டணம் கிள்ளானிலிருந்துதான் வந்தது கலா.

அத்தான், 10.21
மச்சான், அதை இப்போது பேச வேண்டாம்.

பெரியண்ணன், 10.24
சரி. வருத்தத்தில் எழுதிவிட்டேன். விட்டுவிடுங்கள்.

செவ்வாய்

சின்னம்மா, காலை 6.50
எல்பில் என்று எழுதியதும் இரவெல்லாம் பழைய நினைவு. 1948-இல் வெள்ளைக்காரத் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்ட தோட்டம் அல்லவா. அதற்கப்புறம் ஊரே முள்வேலிக்குள் போயிற்று.

முரளி, 7.02
ஜூன் 16. அதே காலையில் பக்கத்து பின் சூன் தோட்டத்திலும் இரண்டு பேரைச் சுட்டார்கள். மலாயா அவசரகாலம் தொடங்கியதே நம் ஊரிலிருந்துதான் என்று பள்ளியில் படித்தோம்.

பெரியண்ணன், 7.05
வரலாறு இருக்கட்டும். வெட்டுவதா, இல்லையா? வெட்டினால் பின்பக்கம் குவித்து அன்றைக்கே கொளுத்திவிடலாம்.

நிலா, 7.06
அப்பா, எரிக்கவே கூடாது! அரளிப் புகையும் நஞ்சு. மாக்சிக் வீட்டுப் பேரக் குழந்தைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பதும் சட்டப்படி குற்றம், அதுவும் இந்த வறட்சியில். கையுறை போட்டுக்கொண்டு வெட்டிப் பையில் கட்டிப் போட வேண்டும். செடியின் பால் கண்ணில் படக்கூடாது. உதிர்ந்த இலையையும் கூட்டி அள்ள வேண்டும், காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது.

பெரியண்ணன், 7.10
நல்ல வேளை கேட்டேன்.

முரளி, 7.12
நிலா, வேறு என்ன செய்ய வேண்டும்? வருகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

நிலா, 8.30
நான் எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன் சித்தப்பா. முதலில் தரை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதன் உடல்சூடே 38-க்கு மேல். மூக்குச் சப்பையான நாய் என்றால் இன்னும் பாடு. முன்வாசல் சிமெண்ட்டில் பகல் இரண்டு மணிக்குப் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அதன் காலும் வெந்துபோகும். அங்கே நிழல் வலை கட்டலாம், பெரிய செலவில்லை. தண்ணீர்க் கிண்ணம் கனமாக, நிழலில் இருக்கட்டும். கூரைத் தொட்டியிலிருந்து மதியம் வருவது வெந்நீர், காலையிலேயே பிடித்து வையுங்கள்.

அடுத்தது உண்ணி. சூட்டில் சீக்கிரம் பெருகும், சுவர் ஏறி விரிசலுக்குள் ஒளிந்துகொள்ளும். கூண்டுக்குப் பின்னால் இருக்கும் விரிசலைப் பூசிய பிறகு சாயம் அடியுங்கள். அப்பா, தரையைக் கழுவ அந்த வெள்ளை பினாயிலை வாங்கி அனுப்பாதீர்கள், பூனைக்கு அது கேடு. சவர்க்காரத் தண்ணீர் போதும். கேட்டின் அடியில் ஒரு கை போகிற இடைவெளி இருக்கிறது, குட்டி நுழைந்து சாலைக்கு ஓடிவிடும்.

அத்தான், 8.41
கேட்டின் அடியில் நான் கம்பி வலை கட்டிவிடுகிறேன். மூங்கிலும் என்னிடம் இருக்கிறது.

முரளி, 8.42
நிழல் வலை நான் வாங்கி வருகிறேன். எத்தனை அடி?

அத்தான், 8.43
அளந்து சொல்கிறேன்.

பெரியண்ணன், 9.15
இரண்டு நாய் வைத்துக்கொள்ள நகராண்மைக் கழக உரிமம் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். வரிசை வீட்டுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. வாங்கிய பிறகு தெரிந்தால் நம்மைத்தான் திட்டுவார்கள். கலா, போய்க் கேட்க முடியுமா?

கலா அக்கா, 9.40
மதியம் போகிறேன்.

கலா அக்கா, பிற்பகல் 2.18
[படம்]
உங்கள் எல்லாருக்கும். இந்த நேரத்தில் கருப்பன் படுத்திருக்கும் இடம். குளியலறை வாசல். ஈரத் துணி விரித்திருக்கிறேன். அரளி நிழலிலும் இப்போது அவனுக்குத் தாங்கவில்லை.

முரளி, 2.20
பாவம். முகம் முழுக்க நரைத்துவிட்டதே.

சின்னம்மா, 2.25
அவன் எங்கே போகப் போகிறான்?

முரளி, 2.40
அதுதான் அக்கா, நீங்கள் ஈப்போவுக்கு மகள் வீட்டுக்குப் போனால்?

கலா அக்கா, 2.52
மகளின் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

அத்தான், 3.10
வலை பதினெட்டுக்குப் பன்னிரண்டு.

முரளி, 3.11
சரி அத்தான்.

பெரியண்ணன், இரவு 9.02
கருப்பனை நான் கொண்டுபோகலாம். உங்கள் அண்ணியிடம் இன்னும் பேசவில்லை.

கலா அக்கா, 9.05
பேசிவிட்டுச் சொல்லுங்கள். அவனுக்கு ஆசை காட்டிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்லக்கூடாது.

பெரியண்ணன், 9.06
பேசுகிறேன்.

புதன்

கலா அக்கா, காலை 7.20
இரவெல்லாம் யோசித்தேன். நிலா சொல்வது சரி. நாளைக்கு ஒரு குட்டி இந்த வீட்டில் செத்தால் அம்மாவின் பேர் சொல்லித்தான் என் மனம் அடித்துக்கொள்ளும். அரளி போகட்டும். ஆனால் வலை கட்டுவதற்கு முன் வெட்ட விடமாட்டேன். நிழல் இல்லாமல் ஒரு நாள்கூடக் கருப்பனை அந்தச் சுவரடியில் விட முடியாது.

நிலா, 7.24
அத்தை, அந்த இடத்தில் செம்பருத்தி நடலாம். நாய்க்குக் கேடில்லை, வேகமாக வளரும், பூசைக்கும் ஆகும். வெட்சியும் நல்லது.

சின்னம்மா, 7.40
எனக்கு நான்கு தண்டு வேண்டும். என் வீட்டில் நாயும் இல்லை, குழந்தையும் இல்லை. கோயிலுக்குப் பூ நின்றுவிடக்கூடாது.

பெரியண்ணன், 7.45
அப்படியானால் வெள்ளிக்கிழமை வெட்டலாம், சரிதானே? ஆள் ஒருவனிடம் சொல்லிவைக்கிறேன்.

அத்தான், 7.46
ஆள் எதற்கு? நான் இருக்கிறேன்.

கலா அக்கா, 7.47
உங்கள் முதுகு?

முரளி, 7.50
வெள்ளி எனக்கு வேலை. இரவு பஸ்ஸில்தான் ஏற முடியும், சனி விடியற்காலை வந்துவிடுவேன். வலை என்னிடம்தான் இருக்கிறது.

பெரியண்ணன், 7.52
அவர்கள் சனி பத்து மணிக்கு வருகிறார்களே.

பெரியண்ணன், 8.30
முகவரிடம் ஞாயிற்றுக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. கலா, நகராண்மைக் கழகத்தில் என்ன சொன்னார்கள்?

கலா அக்கா, 8.41
அந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறார். நாளைக்குத் திரும்பவும் போக வேண்டும்.

சின்னம்மா, 8.43
அம்மி யாருக்கு என்று முடிவாயிற்றா?

முரளி, 8.43
சின்னம்மா!

கலா அக்கா, 8.50
முரளி, நீ வலையோடு வந்து சேர். சின்னம்மாவுக்குத் தண்டு நான்தான் ஒடிப்பேன். நான் ஒடிக்கும்வரை யாரும் அந்தச் செடியில் கை வைக்க வேண்டாம்.

அத்தான், 8.51
கையுறை யார் வாங்குவது?